பதினேழாம் நம்பர் கதவு

தகரம் எனக்குக் கொழுந்தன் முறை. அவனுடைய அப்பாவும் என் மாமனாரும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி. அம்மா வழியில் எண்ணிப் பார்த்தால் மருமகன் முறையும் வரும். ஆனாலும் அவன் வாயில் முதன்முதலில் வந்தது ‘அண்ணி’ என்பதுதான், அதனால் நானும் கொழுந்தனாகவே வைத்துக்கொண்டேன். அவன் பெண்டாட்டி எனக்கு ஓரகத்தி. கல்யாணத்தின்போது அவனுக்கு முப்பத்தாறு, அவளுக்கு முப்பத்திரண்டு. இரண்டு பேரும் வயது போனவர்கள் என்று உறவில் எல்லாரும் பேசினார்கள். ஏழு வருஷம் கழித்து ஒரு பெண் பிறந்தபோது அதே வாய்கள்தான் ‘நாங்கள் அப்போதே சொன்னோமே’ என்றன. அந்தப் பெண்ணுக்கு வீட்டில் வாண்டு என்று பெயர்.

தகரம் என்ற பெயர் அவன் தொழிலால் வந்தது. தகரம் தட்டினால் ஊரே திரும்பிப் பார்க்கும். அவன் பேசினால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கே கேட்காது. அப்படிப்பட்டவனுக்கு அந்தப் பெயரை வைத்த மேஸ்திரி நல்ல குசும்புக்காரனாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

பெரிய கட்டடம் எழும்பும் இடத்தில், கட்டடத்துக்கு முன்னால் எழும்புவது ஆட்கள் தங்கும் தகரக் கொட்டகைதான். அதைப் போடுவதும் வேலை முடிந்ததும் பிரிப்பதும் இவன் பொறுப்பு. வெறும் பொட்டல் தரைக்கு முதலில் போய் இறங்குவான். எல்லாரும் கிளம்பிப் போன பிறகு கடைசியாக லாரி ஏறுவான். அத்தனை வருஷத்தில் அவன் இருந்த இடத்தில் எத்தனையோ மாடிகள் வந்திருக்கின்றன. ஒன்றிலாவது விளக்கு எரிந்து பார்த்ததில்லை.

கம்பெனியிடம் முப்பத்தாறு கொட்டகைக்கான சாமான் இருந்தது. இரும்புச் சட்டம், சுவர்த் தகடு, கூரைத் தகடு, கதவு. எல்லாமே பழைய சாமான், ஊர் ஊராகப் போய் வந்ததில் வளைந்து நெளிந்து போனவை. அதனால் ஒரு சட்டத்துக்கு உள்ள கதவு இன்னொரு சட்டத்தில் சேராது. கீல் ஒரு விரல் மேலே நிற்கும், இல்லாவிட்டால் தாழ்ப்பாள் ஓட்டையில் விழாது. தகரம் ஒவ்வொரு கதவின் மூலையிலும் மஞ்சள் பெயிண்டில் நம்பர் போட்டு, அதே நம்பரைச் சட்டத்திலும் போட்டு வைத்திருந்தான். நம்பர் பார்க்காமலேயே அவனுக்குத் தெரியும். ஒன்பது தரையில் உரசும். இருபத்திரண்டு சாத்தினால் தானே திறந்துகொள்ளும். முப்பத்தொன்று அழும். பதினேழு நல்ல கதவு. எங்கே போனாலும் பதினேழை அவன் தனக்கு வைத்துக்கொள்வான், அதில் மட்டும் கொஞ்சம் சுயநலம்.

கொட்டகையில் யார் எந்த நம்பரில் இருப்பது என்பது அவன் கையில் இல்லை. அது மேஸ்திரி பாடு. ஒரு இடத்து வேலை முடிந்தால் ஆட்கள் நாலு திசைக்கும் போய்விடுவார்கள். கொட்டகை மட்டும் அடுத்த இடத்துக்குப் போகும், அங்கே புது ஆட்கள் வந்து நுழைவார்கள். கதவு அதே கதவு, உள்ளே இருக்கிற முகம் வேறு.

இதில் அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. கதவில் யாராவது அதிகாரி எதையாவது எழுதியிருந்தால் அதைத் தொடமாட்டான். வாலிபத்தில் ஒருமுறை இவன்கூட வேலை செய்தவன் ஒருவன், கொட்டகைச் சுவரில் சர்வே ஆட்கள் எழுதிவிட்டுப் போன எதையோ அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டான். மறுநாள் அவர்கள் வந்து அளந்த அளவெல்லாம் போயிற்றே என்று கத்தியதில், அவனை அந்த இடத்தை விட்டே அனுப்பிவிட்டார்கள். தகரம் அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன். அன்றிலிருந்து, எழுதியவர்கள் வந்து அழிக்கட்டும், நமக்கெதற்கு என்று இருந்துவிட்டான். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மழையில் வெளுத்துப் போன எழுத்தைப் பார்த்தால் அவனுக்கு மனசு கேட்காது. பின்னால் யாராவது வந்து ‘எங்கள் குறி எங்கே’ என்று கேட்டால் என்ன சொல்வது? கறுப்புப் பெயிண்டைத் தொட்டு அதன் மேலேயே பதமாக இழுத்துவிடுவான். இது யாரும் சொல்லிச் செய்ததில்லை.

அந்த வருஷம் ஓர் இடத்தில் வேலை முடிந்து கொட்டகையைப் பிரிக்கச் சொன்னார்கள். அங்கே கொட்டகையைப் போட்டுக் கொடுத்ததுமே கம்பெனி இவனைக் குடும்பத்தோடு வேறோர் இடத்து வேலைக்கு அனுப்பியிருந்தது, இவன் திரும்பிப் போனபோது ஆட்கள் எல்லாரும் காலி செய்துவிட்டிருந்தார்கள். முப்பத்தாறு கதவிலும் நடுவில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு ‘சரி’ குறி, அதன் கீழே பொடி எழுத்தில் ஏதோ. என்னவென்று கேட்க ஆள் இல்லை. தீயணைப்புக்காரர்கள் பார்த்துவிட்டுப் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டான். வட்டமும் குறியும் வெளுத்துப்போயிருந்தன. லாரி வருவதற்குள் முப்பத்தாறையும் பளிச்சென்று எழுதி முடித்தான். கீழே இருந்த பொடி எழுத்து அவனுக்குப் படிக்க வரவில்லை, தப்பாக எழுதிவிடக் கூடாதென்று அதை அப்படியே விட்டான். அதுவும் கொஞ்ச நாளில் மங்கிக் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று.

புது இடத்தில் கொட்டகை எழும்பி, ஆட்கள் வந்து, மூன்று மாதம் ஆயிற்று. ஒருநாள் அவன் கூரையில் உட்கார்ந்து போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தான். தோளில் நீலப் பெட்டி மாட்டிய இரண்டு பெண்கள் கொட்டகை வரிசைக்குள் வந்தார்கள். ஒவ்வொரு கதவாகப் பார்த்தார்கள். ஒருத்தி மற்றவளிடம் என்னமோ சொன்னாள், மற்றவள் காகிதத்தில் எழுதிக்கொண்டாள். கடைசிக் கதவு வரை நடந்துவிட்டு அப்படியே போய்விட்டார்கள். கதவெல்லாம் ஒழுங்காக இருப்பதைப் பார்த்துத் திருப்தியாகப் போகிறார்கள் என்று அவனுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். வரிசையில் இருந்த மற்றவர்களும் அவர்களைப் பார்த்தார்கள். ஒருவரும் கேட்கவில்லை. வந்த இடத்தில், நம்மைத் தேடி வராதவர்களை நாமாகப் போய்க் கூப்பிடுவதில்லை. அது இந்தப் பிழைப்பில் எல்லாருக்கும் ஊறிப்போனது.

வாண்டுக்கு அப்போது இரண்டு வயது ஆகப்போகிறது. தட்டம்மை ஊசி இன்னும் போடவில்லை. போடக் கூடாது என்று யாரும் இருக்கவில்லை. அவள் பிறந்த பிறகு நாலு இடம் மாறியிருந்தார்கள். ஓரிடத்தில் வயது பத்தாது என்றார்கள். இன்னோரிடத்தில் மருந்து தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம் வா என்றார்கள், அடுத்த வாரம் இவர்கள் லாரியில் இருந்தார்கள். அதற்கு அடுத்த இடத்தில் போன இடத்துச் சீட்டு எங்கே என்று கேட்டார்கள். ஓரகத்தி அதற்குப் பிறகு போவதை விட்டுவிட்டாள்.

அடுத்த கொட்டகை பதினெட்டில் கலவை மெஷினில் வேலை செய்யும் பெண் ஒருத்தி இருந்தாள். கலவைக்காரி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். புருஷன் வேறு நாட்டில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தான். அவளுக்கு மூன்று வயதில் ஒரு பையன். குண்டு குண்டென்று இருப்பான், தூக்கினால் இடுப்பு ஒடியும், அதனால் உருளை. வாண்டுவும் உருளையும் ஒரு தட்டில் தின்று ஒரு பாயில் தூங்கும் பிள்ளைகள்.

ஓரகத்தியின் தங்கைக்குப் பிரசவம் என்று அவள் வாண்டுவைத் தூக்கிக்கொண்டு போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் திரும்பினாள். உருளைக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, கண் சிவந்திருந்தது, உடம்பு காய்ந்தது. இருந்தாலும் வாண்டுவைக் கண்டதும் எழுந்து வந்து கட்டிக்கொண்டான். அவன் கடித்த பிஸ்கட்டை இவள் வாயில் வைத்தான். பெரியவர்கள் எல்லாரும் பார்த்துச் சிரித்தார்கள்.

புதன்கிழமை காலையில் அவன் காதுக்குப் பின்னால் தடிப்பு. அரை மணி நேரத்தில் முகத்துக்கு வந்தது. மூச்சு விட இழுத்தான். கலவைக்காரி அவனைத் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். தட்டம்மை, நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்று அங்கேயே படுக்க வைத்துவிட்டார்கள்.

தன் பிள்ளை முகத்தில் குழாய் வைத்திருக்கும் நேரத்தில் அவள் போன் எடுத்து ஓரகத்தியைக் கூப்பிட்டாள். அதைத்தான் நான் இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். டாக்டர் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னாள். “இவனோட சேர்ந்து இருந்த பிள்ளைக்கு மூணு நாளைக்குள்ள ஊசி போட்டா தடுக்கலாமாம். அதுக்கு மேல போனா சொல்ல முடியாதாம். நீங்க திங்கட்கிழமை சாயங்காலம்தானே வந்தீங்க? அப்ப நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு. உடனே போங்கக்கா.”

ஓரகத்தி கட்டிய துணியோடு வாண்டுவைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கத்துச் சுகாதார நிலையத்துக்குப் போனாள். ஜன்னலில் சீட்டு எழுதுகிறவர் ஒருவர் இருந்தார். அவர் பெரிய நோட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கொட்டகை வரிசையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் போட்டாயிற்று, எல்லாக் கதவிலும் குறி இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள் என்றார். என் பிள்ளைக்குப் போடவில்லை என்று இவள் சொன்னாள். அந்த ஊர்ப் பேச்சு இவளுக்கு அரைகுறை. அவர் கெட்டவர் இல்லை, பொறுமையாகத்தான் சொன்னாராம். மருந்து ஒரு குப்பியில் பத்துப் பிள்ளைக்கு இருக்கும். திறந்தால் சில மணி நேரத்தில் முடித்தாக வேண்டும், மிச்சத்தைக் கொட்டத்தான் வேண்டும். ஏற்கெனவே போட்ட வரிசையில் ஒரு பிள்ளைக்காகத் திறக்க முடியாது, ஊசி நாள் செவ்வாய்க்கிழமை, அன்றைக்கு வா என்றார். நர்ஸம்மா எங்கே என்றதற்கு வெளியே போயிருக்கிறார் என்று பதில்.

செவ்வாய்க்கிழமை வர ஆறு நாள் இருந்தது.

அவள் திரும்பி வந்து புருஷனிடம் சொன்னாள். கதவில் குறி இருக்கிறதாம், அதனால் போட்டாயிற்றாம். சொல்லிக்கொண்டே கதவை ஓங்கிச் சாத்தினாள். சாத்திய கதவு பதினேழு. தகரம் வெளியே நின்றிருந்தான். முகத்துக்கு நேராக வட்டம், வட்டத்துக்குள் அவனே தன் கையால் எழுதிய குறி.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டானாம். ஓரகத்தி கதவைத் திறந்து, “என்னங்க, மயக்கமா?” என்று கேட்டாள். அவன் குறியைக் காட்டி, இது இந்த ஊரில் போட்டதில்லை என்றான். அவளுக்குப் புரியவில்லை. இரண்டாம் தரம் சொன்னான். மூன்றாம் தரம் சொல்லும்போது அவளுக்குப் புரிந்துவிட்டது.  பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அதன் காதுக்குப் பின்னால் பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும் அண்ணி என்று பின்னால் என்னிடம் சொன்னான்.

வியாழக்கிழமை விடிந்ததும் அவன் ஸ்பானரை எடுத்துக் கதவின் கீலைக் கழற்ற ஆரம்பித்தான். ஓரகத்தி என்ன பண்ணுறீங்க என்று கேட்டாள். அவன் சொன்ன கணக்கு இதுதான். ஒரு பிள்ளைக்காகக் குப்பியைத் திறக்கமாட்டார்கள். வரிசை முழுக்கப் போடவில்லை என்று தெரிந்தால் திறக்கத்தான் வேண்டும். அதை வாயால் சொன்னால் எடுபடாது, நமக்கு அந்தப் பேச்சும் வராது, நோட்டில் எழுதியதுதான் நிற்கும். கதவே வந்து சொல்லட்டும். நான் போனில் சொன்னதும் நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வா. கழற்றிய வாசலில் ஒரு படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டுவிட்டுக் கிளம்பினான்.

ஆறடிக் கதவு. அதுவும் தகரம். பஸ்ஸில் ஏற்றமாட்டேன் என்றுவிட்டார்கள். தலையில் சும்மாடு வைத்துத் தூக்கிக்கொண்டு நடந்தான். கொஞ்சம் காற்றடித்தால் கதவு ஒரு பக்கம், இவன் ஒரு பக்கம். பாலத்தின் மேல் போகும்போது காற்று அவனைக் கதவோடு சேர்த்து அரைச் சுற்று சுற்றி வந்த பக்கமே திருப்பிவிட்டது. நாய்கள் பின்னாலேயே வந்தன. கடைக்காரர் ஒருவர் கதவு விலைக்கா என்று கேட்டாராம். சுகாதார நிலையம் வந்து சேரும்போது பத்து மணி.

ஜன்னலில் இருந்தவர் அவனைக் கண்டதும் முகம் மலர்ந்து, ஒருவழியாக வந்தீர்களா, பின்னால் போங்கள் என்று கையைக் காட்டினார். இவனும் போனான். அங்கே ஒரு கக்கூஸ், கதவு ஒரு கீலில் தொங்கிக்கொண்டிருந்தது. கதவு மாட்ட ஆள் சொல்லிப் பல வாரமாம். தகரம் திரும்பி வந்து, இந்தக் கதவு அதுக்கு இல்லை என்று தனக்குத் தெரிந்த மட்டும் சொன்னான். பிறகு ஏன் கொண்டு வந்தாய் என்றார் அவர். நர்ஸம்மாவைப் பார்க்க வேண்டும் என்றான். கதவோடா என்றார். ஆமாம் என்றான். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நர்ஸம்மா வரப் பன்னிரண்டு ஆகும் என்றார்கள்.

இரண்டு மணி நேரம். பதினேழைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றான். சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பான், வாசலைப் பார்ப்பான். தொங்குகிற கதவு ஒன்றைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அவன் கைக்குத் தெரியாது. சட்டைப் பையில்தான் ஸ்பானர் இருக்கிறதே. நர்ஸம்மா வந்து இறங்கும்போது அவன் கக்கூஸ் கதவின் கீலை நிமிர்த்தி முடுக்கிக்கொண்டிருந்தான்.

நர்ஸம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். கணீரென்ற குரல். கதவு சரியானதைப் பார்த்துச் சந்தோஷமாக நன்றி சொன்னார். அவன் அவரைப் பதினேழின் முன்னால் கூட்டிப் போய் நிறுத்தினான். குறியைத் தொட்டுக் காட்டினான். இங்கே இல்லை, வேறே இடம், லாரி, என்றான். கதவைத் தலைமேல் தூக்குவதுபோல் காட்டினான். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, கையில் பிரஷ் பிடித்ததுபோல் வட்டம் போட்டுக் காட்டினான். நர்ஸம்மா முதலில் அவனைப் பார்த்தார், பிறகு கதவைப் பார்த்தார். பையிலிருந்து பஞ்சை எடுத்து ஸ்பிரிட்டில் நனைத்து வட்டத்தின் கீழே மெதுவாகத் துடைத்தார். அழுக்கு போன இடத்தில் பொடி எழுத்து மங்கலாக எழுந்தது. கதவை வெளிச்சத்துக்குத் திருப்பச் சொன்னார். தேதி ஒன்று இருந்தது, ஒரு வருஷத்துக்கு முந்தியது. பக்கத்தில் இருந்த குறியீடு வேறு வட்டாரத்தினுடையது.

நர்ஸம்மா ஜன்னல்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். 

எத்தனை பிள்ளைகள் என்று நர்ஸம்மா கேட்டார். தகரம் கண்ணை மூடிக்கொண்டான். கதவு கதவாகச் சொன்னான். ஒன்றில் இரண்டு, ஒன்று கைக்குழந்தை. இரண்டில் இல்லை. மூன்றில் ஒன்று, வாய் பேசாத பெண். நாலில் மூன்று. ஒன்பதில் ஒன்று. இப்படியே முப்பத்தாறு வரைக்கும். நர்ஸம்மா விரல் விட்டு எண்ணி, முப்பத்தொன்று என்றார். பதினெட்டில் ஒன்று ஆஸ்பத்திரியில் என்றான் கடைசியாக. பதினேழில்? என்று கேட்டார். கதவில் இருந்த நம்பரைப் பார்த்திருக்கிறார். ஒன்று, என் பெண், திங்கட்கிழமை சாயங்காலம், என்று சொல்லி மூன்று விரலைக் காட்டினான்.

நர்ஸம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவனைச் சுற்றிப் பார்த்தார்.

“கதவைத் தூக்கிட்டு வந்தீங்க, சரி. பிள்ளையை எங்கே விட்டீங்க?”

அவன் வெறும் கையைப் பார்த்தான். ஓரகத்திக்குப் போன் செய்ய வேண்டும் என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. நர்ஸம்மா அதற்கெல்லாம் நிற்கவில்லை. நாமே போகலாம், ஒன்றுக்கு இல்லை, எல்லாருக்கும் எடுங்கள் என்று சொல்லி, நாலு குப்பியை ஐஸ் பெட்டியில் வைத்து வண்டியை எடுக்கச் சொன்னார். கதவை வண்டியின் மேல் கட்டினார்கள். ஜன்னல்காரரும் நோட்டோடு ஏறிக்கொண்டார். வழியில் அவர் தன் தண்ணீர் பாட்டிலைத் தகரத்திடம் நீட்டினார்.

கொட்டகைக்கு வந்தபோது மணி ஒன்றரை. சாப்பாட்டு நேரம், எல்லாரும் இருந்தார்கள். வண்டியின் மேல் தகரத்தின் கதவு ஊர்வலம் வருவதைப் பார்த்து ஒரே சிரிப்பு. ஊசி என்றதும் சிரிப்பு நின்றது. காய்ச்சல் வரும், நாளைக்கு வேலைக்குப் போக முடியாது என்றார்கள் சிலர். இவ்வளவு நாள் வராதவர்கள் இன்றைக்கு ஏன் வந்தார்கள் என்றான் இருபத்திரண்டில் இருந்த கம்பி கட்டுகிறவன்.

தகரத்துக்குக் கூட்டத்தில் பேசி வழக்கமில்லை. ஆனாலும் முன்னால் வந்து நின்றான். இவர்கள் போன தடவையே வந்தார்கள், கதவில் குறியைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள், அந்தக் குறி பழைய இடத்துக் குறி, வெளுத்துப்போனதற்கு மேலே பெயிண்ட் அடித்தது நான், என்றான். பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. இன்னொரு தரம் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தத் தப்பை இரண்டு தரம் சொல்வதுதான் அன்றைக்கு அவனுக்குப் பெரிய பாரமாக இருந்ததாம், கதவு சுமந்தது இல்லை.

“பெரிய ஓவியரு,” என்றான் கம்பி கட்டுகிறவன்.  மேஸ்திரி, நான்கூட அந்த வட்டம் ரொம்ப அழகா இருக்கே என்று பார்த்தேன்யா என்றார்.

தகரம் வாண்டுவைத் தூக்கி முதல் ஆளாக உட்கார்ந்தான். அவள் நர்ஸம்மாவின் கழுத்தில் தொங்கிய கடிகாரத்தைப் பிடிக்கப் பார்த்தாள். ஊசி போடும்போது இவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வாண்டு ஒரு நொடி ஒன்றும் நடக்காததுபோல் இருந்துவிட்டு, பிறகு வீறிட்டாள். அழுது முடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஊசியைக் காட்டி, “அப்பாக்கு” என்றாள். இவ்வளவு நேரமும் கல்லுமாதிரி நின்ற ஓரகத்தி அப்போதுதான் சிரித்தாள். சிரித்தபடியே அழுதாள். கம்பி கட்டுகிறவன் தன் இரண்டு பிள்ளைகளையும் வரிசையில் கொண்டுவந்து நிறுத்தினான்.

மூன்று குப்பி தீர்ந்து நாலாவதையும் திறந்தார்கள். கடைசிக் குப்பியில் ஒரு பெரிய மனுஷனுக்கும் போட்டார்கள், மேஸ்திரியின் தம்பிக்கு. அவன் போட்ட சத்தம் பிள்ளைகளையெல்லாம் தோற்கடித்துவிட்டது.

ஆனால் போட்டுவிட்டதோடு முடியவில்லை. நேரத்துக்குள்தான் போட்டிருக்கிறோம், அநேகமாகத் தப்பிவிடுவாள், ஆனாலும் மூன்று வாரம் பார்க்க வேண்டும் என்று நர்ஸம்மா சொல்லிவிட்டுப் போனார். அநேகமாக என்ற அந்தச் சொல் தகரத்தைத் தின்றது. வேலைக்கு நடுவில் நாலு தடவை வந்து வாண்டுவின் காதைத் தூக்கிப் பார்ப்பான். அவள் அதை விளையாட்டு என்று நினைத்து, இவனைக் கண்டாலே தானாகக் காதை மடக்கிக் காட்டுவாள். ஒன்பதாம் நாள் அவளுக்கு உடம்பு காய்ந்தது. இவன் சாப்பிடவில்லை, ஓரகத்தி சாப்பிடவில்லை. ஊசியால் வரும் காய்ச்சல் இந்த நாளில்தான் வரும் என்று நர்ஸம்மா போனில் சொன்னார். மறுநாள் விட்டுவிட்டது. உருளையோடு முன்னமே பழகிக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் அம்மை வந்தது, லேசாக வந்து இறங்கியது.

நடுவில் மூன்று முறை ஆஸ்பத்திரிக்குப் போனான். உள்ளே விடமாட்டார்கள். கலவைக்காரி வாசலுக்கு வருவாள். துணி கொடுத்தான், வெந்நீர்ப் பாட்டில் கொடுத்தான், பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டான். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை. மூன்று முறையும் அப்படியே திரும்பி வந்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போன பதினாறாம் நாள் உருளை வந்தான். உருளை என்று கூப்பிட நாக்கு கூசும் அளவுக்கு இளைத்திருந்தான். கால் இரண்டும் குச்சி. ஆனால் நடந்தே வந்தான். சாயங்காலம் தகரம் பதினெட்டின் வாசலில் போய் நின்றான். கலவைக்காரி பையனை மடியில் வைத்திருந்தாள்.

“உன் பிள்ளைக்கு இப்படி ஆனதுக்கு நான்தாம்மா காரணம்,” என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னான். லாரி, பெயிண்ட், கூரையில் உட்கார்ந்து அந்தப் பெண்கள் போவதைப் பார்த்தது, பார்த்துச் சந்தோஷப்பட்டது, அதையும் விடவில்லை.

வரிசையில் யாரோ முன்னமே அவளுக்குச் சொல்லியிருந்தார்கள் என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. அவள் வெகுநேரம் பையன் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“எனக்குக் கோபம் இருக்குண்ணே,” என்றாள். “இல்லைன்னு சொன்னா பொய். பதினஞ்சு நாள் அவன் மூச்சை எண்ணிட்டு உட்கார்ந்திருந்தேன்.”

அவன் தலையை நிமிர்த்தவில்லை.

“அவங்கப்பாகிட்ட யாருமே ஊசி போட வரலைன்னுதான் சொல்லி வச்சிருக்கேன். இப்ப கூப்பிடுவாரு. நீங்களே சொல்லுங்க. என்னால அதை வேற ஒரு தரம் சொல்ல முடியாது.”

அவள் சொல்லி முடிக்கவும் போன் அடித்தது. பையன் வீடு வந்துவிட்டான் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனைத் தகரத்தின் கையில் கொடுத்தாள். அந்தப் பக்கம் கிரேன்காரன். இவன் ஒருமுறைகூட முகம் பார்த்திராத ஆள். தகரம் மறுபடியும் முதலிலிருந்து சொன்னான். குரல் எழும்பவில்லை. அந்தப் பக்கம் கேட்கவில்லை என்றதும் நின்று, மூச்சு வாங்கி, மறுபடி சொன்னான். சொல்லி முடித்த பிறகு அந்தப் பக்கம் மெஷின் இரைச்சல் மட்டும்தான் வந்தது. போன் அறுந்துவிட்டதோ என்று இவன் அதை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தான்.

“அண்ணே,” என்றான் அவன். “எங்க பையனும் உங்க பொண்ணும் ஒரே தட்டுல சாப்பிடுவாங்கன்னு இவ சொல்லுவா. அதுக்கு ஒண்ணும் ஆகலையே?”

 தகரம் இல்லை என்று தலையை ஆட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தான். போனில் தலையாட்டினால் யாருக்குத் தெரியும்? கலவைக்காரி கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள்.

“அதுக்கு ஒண்ணுமில்லைங்க,” என்றாள். “நல்லா இருக்கு. பதினாறு நாள் ஆச்சு.”